போக்கிமான் மிஸ்டரி டஞ்சன்: வரலாறும் மதிப்பீடும்

போக்கிமான் மிஸ்டரி டஞ்சன் என்பது ஜப்பானின் சுன்சாஃப்ட் நிறுவனம் கையடக்கக் கருவிகளுக்காக உருவாக்கத் தொடங்கிய நிகழ்பட ஆட்டத் தொடராகும். இதில் ஆடுபவரே ஒரு போக்கிமானாக மாறுகிறார். ஒவ்வொரு முறையும் புதிய வடிவில் அமையும் நிலவறைகளுக்குள் தோழர்களோடு இறங்குகிறார். அங்கே சிக்கிக்கொண்ட மற்றப் போக்கிமான்களை மீட்டுவருவதே அவருடைய வேலை. தொடரின் முதல் ஆட்டம் 2005 நவம்பர் 17 அன்று ஜப்பானில் இரண்டு பதிப்புகளாக வெளியானது. கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கான பதிப்பு ஆங்கிலத்தில் ரெட் ரெஸ்க்யூ டீம் என்றும், நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கான பதிப்பு புளூ ரெஸ்க்யூ டீம் என்றும் பெயர் பெற்றன. சிவப்பு மீட்புக் குழு, நீல மீட்புக் குழு என்பது இப்பெயர்களின் பொருள்.

இந்த ஆட்டத்தின் வரவேற்பு வரலாறு வழக்கமானதன்று. ஆங்கில விமர்சகர்கள் இதற்குச் சுமாரான மதிப்பெண்களையே அளித்தனர். அடுத்து வந்த சில பாகங்கள் அதைவிடக் குறைவாகவே பெற்றன. ஆனால் சிறுவயதில் இவற்றை ஆடியவர்கள் போக்கிமான் ஆட்டங்களிலேயே மனத்தில் தங்கியவையாக இவற்றைச் சொல்லிவருகின்றனர். ஒரே பொருளைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் எப்படி உருவாயின என்பதை அறிய, இந்த ஆட்டம் பிறந்த மரபையும், அந்த மரபில் இது செய்த மாற்றத்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

ரோக்: நிலவறை ஆட்டத்தின் தொடக்கம்

இந்த மரபின் மூலம் 1980 அளவில் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகளில் தோன்றிய ரோக் என்னும் ஆட்டமாகும். கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் வளாக மாணவர்களான மைக்கேல் டாயும் கிளென் விக்மனும் இதைத் தொடங்கினர். பின்னர் பெர்க்லியில் கென் ஆர்னால்டு அவர்களோடு இணைந்தார். எழுத்துத் திரையின் எந்த இடத்திலும் விரும்பிய குறியை வைக்க உதவும் நிரல் தொகுப்பை உருவாக்கியவர் ஆர்னால்டு. ரோக் ஆட்டத்தின் திரை அந்தத் தொகுப்பைக் கொண்டே அமைந்தது.

ரோக்கில் படங்கள் இல்லை. மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறிதான் வீரன். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26உம் 26 வகை அரக்கர்கள். சுவர்களும் கதவுகளும் கோடுகளாலும் குறிகளாலும் காட்டப்பட்டன. ஆனால் பின்வந்த பல ஆட்டங்கள் எடுத்துக்கொண்ட விதிகள் இதில் முழுமையாக இருந்தன. நிலவறையின் அறைகளையும் வழிகளையும் ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாக அமைக்கும். வீரன் ஓர் அடி வைத்தால் அரக்கர்களும் ஓர் அடி வைப்பர்; அவன் நின்று யோசித்தால் உலகமும் நிற்கும். உணவு தீர்ந்தால் பட்டினியால் சாவு. இறந்தால் ஆட்டம் முடிந்தது. சேமித்த கோப்பிலிருந்து மீண்டும் தொடர வழியில்லை.

இவ்விதிகளுக்குக் காரணம் உண்டு. அக்காலத்துச் சொல்வழிச் சாகச ஆட்டங்களில் புதிர் ஒருமுறை விடுபட்டால் மறுபடி ஆட எதுவும் மிஞ்சாது. தாங்கள் எழுதிய ஆட்டம் தங்களையே வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்று ரோக்கை உருவாக்கியவர்கள் விரும்பினர். நிலவறை மாறிக்கொண்டே இருந்தால் மனப்பாடம் உதவாது. சாவு நிலையானதாக இருந்தால் ஒவ்வோர் அடியும் கணக்காகும். பெர்க்லி யூனிக்ஸ் இயக்குதளத்தோடு ரோக் பரவியபோது இந்த அமைப்பும் பரவியது. பின்னாளில் இவ்விதிகளைக் கொண்ட எல்லா ஆட்டங்களும் ரோக்லைக், அதாவது ரோக் வகை ஆட்டங்கள் என்றே அழைக்கப்பட்டன.

ஜப்பானில் சுன்சாஃப்ட்

ரோக் வகையை வீட்டுத் தொலைக்காட்சித் திரைக்குக் கொண்டுவந்து ஜப்பானில் பெரும்பாலோர் அறியச் செய்தது சுன்சாஃப்ட். 1984இல் கொய்ச்சி நக்கமுரா தொடங்கிய இந்நிறுவனம், 1986இல் வெளியான முதல் டிராகன் குவெஸ்ட் முதல் ஐந்தாம் பாகம் வரை அத்தொடருக்கான நிரலாக்கத்தைச் செய்தது. அப்பணியிலிருந்து விலகிய பிறகு, சொந்தப் பெயரில் நிற்கக்கூடிய புதிய வகைகளைத் தேடியது.

அந்தத் தேடலில் 1993 செப்டம்பரில் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கு வெளியானது டொர்னெக்கோவின் பெரும் சாகசம் என்னும் ஆட்டம். டொர்னெக்கோ என்பவர் டிராகன் குவெஸ்ட் நான்காம் பாகத்தில் வரும் பருத்த உடல் வணிகர். வாளேந்திய வீரர் அல்லர். கடை வைக்க ஆசைப்படும் குடும்பத் தலைவர். அவர் புதிரான நிலவறைக்குள் போய்ப் பொருள் தேடி வருகிறார். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அவருடைய திறன் நிலை ஒன்றிலிருந்தே தொடங்கும். ஆனால் அவர் கொண்டுவந்த பொருள்களால் ஊரிலுள்ள கடை மெல்ல வளரும். நிலவறைக்குள் எல்லாம் அழிந்தாலும் வெளியே ஏதோ ஒன்று மிஞ்சுகிறது என்ற ஆறுதல் இதில்தான் தொடங்கியது. ஆயிரம் முறை ஆடலாம் என்பது அதன் விளம்பர வாசகமாக இருந்தது. ஜப்பானிய மொழியில் ஃபுஷிகி நோ டஞ்சன், அதாவது புதிரான நிலவறை என்ற தொடர்ப்பெயரும் இங்கேதான் பிறந்தது. ஆங்கிலத்தில் இது மிஸ்டரி டஞ்சன் ஆனது.

1995 டிசம்பரில் சுன்சாஃப்ட் தன் சொந்தக் கதைமாந்தரான நாடோடி வீரன் ஷிரெனைக் கொண்டு அடுத்த ஆட்டத்தை வெளியிட்டது. 1997இல் சொக்கோபோ என்னும் பறவையை நாயகனாகக் கொண்ட ஆட்டம் பிளேஸ்டேஷனில் வந்தது. வேறிடத்தில் ஏற்கெனவே புகழ்பெற்ற பாத்திரம் ஒன்றை எடுத்துப் புதிரான நிலவறைக்குள் விடுவது ஒரு வழக்கமாகவே ஆயிற்று. மரபின் தொடர்ச்சியை உணவைக் கொண்டே அறியலாம். ரோக்கில் வீரன் உண்டது பயண உணவுப் பொட்டலம். டொர்னெக்கோவுக்கு அது ரொட்டி ஆயிற்று. ஷிரெனுக்கு அரிசிச் சோற்று உருண்டை ஆயிற்று. போக்கிமான்களுக்கு ஆப்பிள். பண்டம் மாறினாலும் பசி விதி மாறவில்லை.

2005: ஒரே ஆட்டம், இரண்டு கருவிகள்

போக்கிமான் தொடர் 1996 பிப்ரவரியில் கேம் பாய் கருவியில் தொடங்கியது. சத்தோஷி தஜிரியும் அவருடைய கேம் ஃப்ரீக் நிறுவனமும் உருவாக்கிய அந்த ஆட்டத்தில் மனிதப் பயிற்சியாளர் ஒருவர் சிற்றரக்கர்களைப் பிடித்து, வளர்த்து, மோதவிடுவார். 2005 அளவில் அந்த உயிரிகளின் எண்ணிக்கை 386 ஆகியிருந்தது. எல்லோரும் அறிந்த உருவங்கள்; ஆனால் எப்போதும் மனிதரின் கையில் இருக்கும் உருவங்கள்.

சுன்சாஃப்ட் இந்த உறவைத் தலைகீழாக்கியது. புதிய ஆட்டத்தில் மனிதர்களே இல்லை. ஊர், கடை, வங்கி, அஞ்சலகம் எல்லாவற்றையும் போக்கிமான்களே நடத்துகின்றன. தங்களுக்குள் பேசுகின்றன, பொறாமைப்படுகின்றன, வதந்தி பரப்புகின்றன. ஆட்டத்தின் தொடக்கத்தில் சில கேள்விகள் கேட்கப்படுகின்றன. அவற்றுக்கு ஆடுபவர் தரும் விடைகளைக் கொண்டு துணிவு, கூச்சம், அவசரம் போன்ற ஒரு குணம் முடிவாகிறது. அந்தக் குணத்துக்கேற்ற போக்கிமானாக அவர் ஆகிறார். பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. பிக்காச்சுவாக வேண்டும் என்று நினைத்த சிறுவர் வேறொரு உயிரியாகக் கண்விழிக்கலாம். தன் விடைகளால் வந்த உருவம் என்பதால், அதை ஆடுபவர் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்கிறார்.

வெளியீட்டுக் காலம் ஆட்டத்தின் மதிப்பீட்டைப் பெரிதும் பாதித்தது. 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் 2005இல் விடைபெறும் நிலையில் இருந்தது. 2004 இறுதியில் அறிமுகமான டிஎஸ் இரண்டு திரைகளும் தொடுதிரை வசதியும் கொண்டு புதுமையாக நின்றது. இரண்டு கருவிகளிலும் ஒரே ஆட்டத்தை வெளியிட்டதால், பழைய கருவியின் அளவுக்கே படங்கள் வரையப்பட்டன. டிஎஸ் பதிப்பில் கூடுதல் திரை பெரும்பாலும் வரைபடம், நிலைத் தகவல் போன்றவற்றைக் காட்டவே பயன்பட்டது. வட அமெரிக்காவில் 2006 செப்டம்பரிலும் ஐரோப்பாவில் 2006 நவம்பரிலும் ஆட்டம் வெளியானபோது, புதிய கருவியில் பழைய கருவியின் முகம் தெரிகிறது என்பது உடனே குறையாகப்பட்டது. மறுபுறம், 386 உயிரிகளையும் எட்டுத் திசைகளிலும் நடக்கவும் தாக்கவும் உறங்கவும் வைத்த கையளவுப் படங்களின் உழைப்பு பெரிதாகக் கவனம் பெறவில்லை.

ஆட்ட அமைப்பு

நிலவறை பல தளங்களைக் கொண்டது. ஒவ்வொரு தளமும் அறைகளும் அவற்றை இணைக்கும் ஒடுங்கிய வழிகளும் கொண்ட கட்டவலை. படிக்கட்டைக் கண்டால் அடுத்த தளம். எட்டுத் திசைகளிலும் நகரலாம். ஒருவர் ஒரு செயலைச் செய்தால் மற்ற எல்லோரும் ஒரு செயலைச் செய்வர் என்ற ரோக் விதி அப்படியே உள்ளது. ஒவ்வொரு போக்கிமானுக்கும் நான்கு சிறப்புத் தாக்குதல்கள் உண்டு. நெருப்பு, நீர், மின்சாரம் என வகைக்கு வகை பலம் மாறும் கணக்கு முதன்மைத் தொடரிலிருந்து வந்தது.

சுவையான சூழல்கள் இந்த இரண்டு கணக்குகளும் சந்திக்கும் இடத்தில் உருவாகின்றன. ஒடுங்கிய வழியில் குழு ஒருவர் பின் ஒருவராக நிற்கும்போது முன்னால் நிற்பவர் மட்டுமே அடிவாங்குவார். அவர் நீர் வகையாக இருந்து எதிரே மின்சார வகை வந்தால் இடம் மாறிக்கொள்ள வேண்டும். மாறுவதற்கும் ஒரு முறை செலவாகும். ஓர் அறைக்குள் காலடி வைத்ததும் எதிரிகள் கூட்டமாக இறங்கும் அரக்கர் கூடம் உண்டு. அங்கே அறையின் நடுவில் நின்று போரிடுவதைவிடப் பின்வாங்கி வழியின் வாயிலை அடைப்பதே அறிவு. சில தளங்களில் கெக்லியான் என்னும் பச்சோந்திக் கடைக்காரர் விரிப்பில் பொருள்களைப் பரப்பியிருப்பார். பணம் தராமல் எடுத்துக்கொண்டு ஓடினால் மிகுந்த வலிமையோடு துரத்துவார். ஒரே தளத்தில் நெடுநேரம் தங்கினால் மர்மக் காற்று வீசிக் குழுவை நிலவறைக்கு வெளியே தள்ளிவிடும். வயிறு காலியானால் உயிர்நிலை அடிக்கு அடி குறையும்.

தோற்கடிக்கப்பட்ட எதிரி சில வேளைகளில் குழுவில் சேர விரும்பும். அதற்கு உரிய வாழிடத்தை முன்பே பெற்றிருக்க வேண்டும். பிடித்து அடைக்கும் பந்து இங்கே இல்லை. சேர்வதா வேண்டாமா என்பது எதிரியின் விருப்பமாகிவிட்டது.

தளர்த்தப்பட்ட மரண விதி

இந்த ஆட்டம் மரபில் செய்த மிகப் பெரிய மாற்றம் தோல்வியின் பொருளில் உள்ளது. ரோக்கில் தோல்வி என்றால் முடிவு. டொர்னெக்கோவிலும் ஷிரெனிலும் நாயகன் நிலை ஒன்றுக்குத் திரும்புவான். போக்கிமான் மிஸ்டரி டஞ்சனில் நாயகன் மயங்கி விழுந்தால் கையிலிருக்கும் பணமும் பொருள்களில் பலவும் போகும். பெற்ற நிலையும் கற்ற தாக்குதல்களும் போவதில்லை. சேமிப்புக் கிடங்கிலும் வங்கியிலும் வைத்தவை பத்திரமாக இருக்கும். எனவே எதைக் கொண்டுபோவது, எதை விட்டுப்போவது என்பதே ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய கேள்வியாகிறது.

இத்தோடு இன்னொரு வழியும் உண்டு. மயங்கியவர் உதவி கேட்டு ஒரு கடவுச்சொல்லைப் பெறலாம். அந்தக் கடவுச்சொல்லை மற்றொருவர் தன் கருவியில் இட்டால், அதே நிலவறையின் அதே தளத்துக்கு அவர் மீட்புப் பயணம் செல்ல முடியும். வெற்றிபெற்றால் அவருக்கு ஒரு பதில் கடவுச்சொல் கிடைக்கும். அதைத் தோற்றவர் இட்டதும், விழுந்த இடத்திலேயே பொருள்களோடு எழுவார். நன்றி அஞ்சலாகப் பரிசும் அனுப்பலாம். கருவிகளை நேரடியாக இணைத்தும் இதைச் செய்யலாம். கடவுச்சொல் வழியில் செய்தால் இருவரும் ஒரே ஊரில் இருக்க வேண்டியதில்லை. ஒருவரையொருவர் அறிந்திருக்கவும் தேவையில்லை. காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

ரோக்கில் சாவு என்பது தனிமனிதக் கணக்கு. இங்கே அது உதவி கேட்கும் வாய்ப்பாக மாறியது. ஆட்டத்தின் பெயர் மீட்புக் குழு. கதையின் பொருளும் மீட்பு. விதியும் மீட்பையே செய்கிறது. பெயரும் கதையும் விதியும் இந்த அளவுக்கு ஒன்றியிருப்பது நிகழ்பட ஆட்டங்களில் எளிதாக அமைவதன்று.

விதியைத் தளர்த்தியதால் இந்த வகையின் கூர்மை மழுங்கிற்று என்று வாதிட இடமுண்டு. நிலை குறையாததால், கடினமான நிலவறையைப் பயிற்சியால் மட்டும் அன்றிப் பொறுமையாலும் வென்றுவிடலாம். ஆயினும் கடுமையான பழைய விதி முற்றிலும் நீக்கப்படவில்லை. கதை முடிந்த பின் திறக்கும் தூய்மை வனம் 99 தளங்கள் கொண்டது. அங்கே தனியாகவும், பொருளும் பணமும் இன்றியும், நிலை ஒன்றிலிருந்தும்தான் நுழைய முடியும். பத்து வயதுச் சிறுவர் வாசலிலேயே விரட்டப்படாமல், மரபின் முழுக் கடுமையும் கடைசி அறையில் காத்திருக்கும்படி அமைக்கப்பட்டது.

கதை

நாயகன் ஒரு காட்டில் போக்கிமானாகக் கண்விழிக்கிறான். தான் மனிதன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவனைக் கண்டெடுக்கும் மற்றொரு போக்கிமான் நண்பனாகிறது. நிலநடுக்கத்தால் பிளந்த காட்டில் விழுந்த ஒரு புழுக்குட்டியை மீட்பதோடு இருவரின் குழு பிறக்கிறது. உலகில் இயற்கைச் சீற்றங்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன, காரணம் தெரியவில்லை.

அந்த உலகில் ஒரு பழங்கதை வழங்குகிறது. ஒன்பது வால் நரியான நைன்டேல்ஸின் வாலைப் பற்றிய மனிதன் ஒருவன் சாபத்துக்கு ஆளானான். அவனைக் காக்க அவனுடைய தோழி கார்டெவோயர் அந்தச் சாபத்தைத் தன்மேல் ஏற்றாள். அவன் அவளை விட்டு ஓடிவிட்டான். அம்மனிதன் ஒருநாள் போக்கிமானாகப் பிறப்பான், அப்போது உலகின் சமநிலை குலையும் என்பது அக்கதை. நாயகன் ஒருகாலத்தில் மனிதன் என்பதை அறிந்த கெங்கார், இவன்தான் அந்தத் துரோகி என்று ஊரார் நடுவே சொல்கிறது. நேற்றுவரை உதவி கேட்டு வந்தவர்களே துரத்துகின்றனர். நாயகனும் நண்பனும் தப்பி ஓடுகின்றனர்.

ஓடும் இந்தப் பகுதிதான் ஆட்டத்தின் மையம். அதுவரை ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் திரும்பிவந்த ஊர் இப்போது இல்லை. கடையும் அஞ்சலகமும் எட்டாதவை. எரிமலையும் பனிமலையும் அடுத்தடுத்து வருகின்றன. கையிலிருப்பதை வைத்தே கடக்க வேண்டும். தன்மீது சுமத்தப்பட்ட பழி உண்மையா என்பது நாயகனுக்கே தெரியாது. ஆடுபவருக்கும் தெரியாது. கூட வரும் நண்பனோ ஐயப்படாமல் நடக்கிறது. ஊராரின் நம்பிக்கை எவ்வளவு விரைவில் புரளும் என்பதையும், ஒருவர் மட்டும் நம்பினால் அது எவ்வளவு பெரிது என்பதையும் சிறுவர்களுக்கான ஆட்டம் ஒன்று நேராகச் சொல்கிறது. பனிமலையில் நைன்டேல்ஸைக் கண்ட பிறகே நாயகன் குற்றமற்றவன் என்று தெளிவாகிறது. கோழையாக ஓடிய மனிதன் பழி சுமத்திய கெங்காரே என்பது பின்னர் வெளிப்படுகிறது. முதன்மைக் கதை முடிந்த பின், கெங்கார் கார்டெவோயரை மீட்கச் செல்லும் பகுதி வருகிறது.

அராத்தா இயோஷி உள்ளிட்டோரின் இசை இந்தப் பகுதிகளுக்குப் பெரும் துணை. பனிக்காட்டுக்கும் ஓட்டத்துக்கும் அமைந்த மெட்டுகள் இன்றும் இணையத்தில் மீட்டி வாசிக்கப்படுகின்றன.

விமர்சகர்களின் தீர்ப்பு

ஆங்கில விமர்சனங்களைத் திரட்டிச் சராசரி காட்டும் தளங்களில் இரண்டு பதிப்புகளும் 100க்கு அறுபதுகளில் நின்றன. ஒரே ஆட்டமாயினும் டிஎஸ் பதிப்பு கேம் பாய் அட்வான்ஸ் பதிப்பைவிடச் சற்றுக் குறைவாகப் பெற்றது. ஆட்டம் ஒன்றே, கருவி மட்டும் வேறு என்ற நிலையில் மதிப்பெண் மாறியது கவனிக்கத்தக்கது. ஒரு பகுதி மதிப்பெண், கருவி பற்றிய எதிர்பார்ப்புக்கே போயிருக்கிறது என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

சுட்டப்பட்ட குறைகள் கற்பனையானவை அல்ல. நிலவறைகள் நிறத்திலும் சுவரிலும் மட்டுமே வேறுபட்டன. பத்தாவது நிலவறையும் முதலாவதைப் போலவே தோன்றும். அறிவிப்புப் பலகையில் வரும் வேலைகள் பெரும்பாலும் ஒரே மூன்று வகை: மீட்பது, பொருள் சேர்ப்பது, துணையாக அழைத்துச் செல்வது. கணினி இயக்கும் தோழர்கள் தொடக்கத்தில் அறிவாக நடப்பதில்லை. கதை முடியும்வரை நண்பன் மயங்கினாலும் பயணம் தோல்வியாகும் என்பதால் இந்தக் குறை உண்மையிலேயே எரிச்சல் தரும். கம்மி என்னும் இனிப்புகளை ஊட்டினால் தோழரின் அறிவு வளர்ந்து நடத்தை சீராகும். ஆனால் அதற்குப் பல மணிநேரம் ஆகும்.

இங்கேதான் மதிப்பிடும் முறையின் சிக்கல் உள்ளது. விமர்சகர் குறிப்பிட்ட நாளுக்குள் எழுதி முடிக்க வேண்டும். எனவே தொடர்ந்து பல மணிநேரம் ஆடுகிறார். ஒரே அமர்வில் ஆடும்போது ஒரே மாதிரியான நிலவறைகள் சலிப்பூட்டுகின்றன. சிறுவர் பேருந்திலோ படுக்கையிலோ ஒரு பயணத்தை முடித்துவிட்டுக் கருவியை மூடுகிறார். ஒரு பயணம் அரைமணி நேரத்துக்கு உட்பட்டது. அந்த அளவுக்குத்தான் அது அமைக்கப்பட்டது. தோழர்கள் அறிவு பெறுவதும், கதை திரும்புவதும், மீட்பு அஞ்சல் தேவைப்படுவதும் பிற்பகுதியில்தான். முற்பகுதியை மட்டும் அளந்த அளவுகோல் பிற்பகுதியை அடையவில்லை.

பயன்பட்ட அளவுகோல்களும் இரண்டு. முதன்மைப் போக்கிமான் தொடரை வைத்து அளந்தவர்களுக்குப் பிடித்தலும் மோதலும் இல்லாதது குறையாகத் தெரிந்தது. ரோக் மரபை வைத்து அளந்தவர்களுக்குக் கடுமை இல்லாதது குறையாகத் தெரிந்தது. நட்பையும் மீட்பையும் விதியாகவே மாற்றிய ஆட்டம் என்று பார்த்தால் மட்டுமே அதன் சாதனை தெரியும். அந்த அளவுகோலைப் பயன்படுத்தியோர் குறைவு.

அடுத்த பாகங்கள்

2007 செப்டம்பரில் ஜப்பானிலும் 2008இல் பிற நாடுகளிலும் டிஎஸ் கருவிக்கு எக்ஸ்புளோரர்ஸ் ஆஃப் டைம், எக்ஸ்புளோரர்ஸ் ஆஃப் டார்க்னஸ் ஆகியவை வெளியாயின. 2009இல் விரிவாக்கப்பட்ட எக்ஸ்புளோரர்ஸ் ஆஃப் ஸ்கை வந்தது. காலம் உறைந்துபோன எதிர்காலத்திலிருந்து வந்த நாயகன், அந்த எதிர்காலத்தைத் தடுத்தால் தானே இல்லாமல் போவான் என்று அறிந்தும் அதைத் தடுக்கிறான் என்பது இவற்றின் கதை. முன்பகுதியில் திருடனாகக் காட்டப்படும் குரோவைல் உண்மையில் உலகைக் காக்க வந்தவன் என்பதும், நன்மதிப்புப் பெற்ற டஸ்க்நோயர் எதிராளி என்பதும் முதல் ஆட்டத்தின் வீண்பழிக் கருவை வேறு வடிவில் தொடர்கின்றன.

ரசிகர்கள் தொடரின் உச்சமாகக் கருதுவது பெரும்பாலும் எக்ஸ்புளோரர்ஸ் ஆஃப் ஸ்கையையே. விமர்சகர்களின் சராசரியோ அதற்கு ஐம்பதுகளில்தான் நின்றது. ஏற்கெனவே வந்த ஆட்டத்தின் விரிவு என்பதும், படங்கள் மாறவில்லை என்பதும் அதற்குக் காரணங்கள். இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையிலான பிளவு இந்தப் பாகத்தில்தான் மிகவும் விரிந்தது.

2012இல் சுன்சாஃப்ட், ஸ்பைக் நிறுவனத்தோடு இணைந்து ஸ்பைக் சுன்சாஃப்ட் ஆயிற்று. அதே ஆண்டு ஜப்பானில் 3டிஎஸ் கருவிக்கு கேட்ஸ் டு இன்ஃபினிட்டி வெளியானது. படங்கள் முப்பரிமாணமாயின, பசி விதி பெரும்பாலும் கைவிடப்பட்டது, இடம்பெற்ற போக்கிமான்களும் குறைந்தன. 2015இல் வந்த சூப்பர் மிஸ்டரி டஞ்சன் பசியை மீட்டதோடு, அப்போதிருந்த 720 போக்கிமான்களையும் சேர்த்துக்கொண்டது.

2020 மறுவாக்கம்

2020 மார்ச் 6 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு முதல் ஆட்டத்தின் மறுவாக்கம் ரெஸ்க்யூ டீம் டிஎக்ஸ் என்ற பெயரில் வெளியானது. சிறுவர் கதைப்புத்தகத்தின் நீர்வண்ணப் படங்களைப் போன்ற தோற்றம் அதற்குத் தரப்பட்டது. நிலவறையில் தானாக நடக்கும் வசதி சேர்ந்தது. குணக் கேள்விகளின் முடிவு பிடிக்காவிட்டால் வேறு போக்கிமானைத் தேர்ந்தெடுக்கவும் இடம் தரப்பட்டது. தோழர்களின் அறிவு வளரும் பழைய முறை மாற்றப்பட்டது.

எவை மாறின, எவை மாறவில்லை என்பதே இங்கு முக்கியம். 2006இல் குறைகூறப்பட்ட தோற்றமும் நடைச் சலிப்பும் தோழர்களின் நடத்தையும் திருத்தப்பட்டன. விமர்சகர்கள் சொன்னவை செவிமடுக்கப்பட்டன என்று கொள்ளலாம். காட்டில் கண்விழிப்பது, வீண்பழி, ஓட்டம், பனிமலை, கெங்காரின் உண்மை ஆகியவை ஏறத்தாழ அப்படியே விடப்பட்டன. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றில் கைவைக்கத் தேவை ஏற்படவில்லை. குணக் கேள்விகளின் கட்டாயத்தைத் தளர்த்தியதில் ஓர் இழப்பும் உண்டு: விரும்பியதைத் தேர்ந்தெடுக்க முடிந்ததும், கிடைத்ததை ஏற்று வாழும் முதல் அனுபவம் விருப்பத்துக்குரியதாகிவிட்டது. மறுவாக்கத்தின் சராசரி மதிப்பெண்ணும் 70ஐ ஒட்டியே நின்றது.

மதிப்பீடு

பழைய பதிப்புகளைச் சட்டப்படி வாங்கும் வழி சுருங்கிவிட்டது. முதல் ஆட்டமும் எக்ஸ்புளோரர்ஸ் ஆஃப் ஸ்கையும் சில ஆண்டுகள் வீ யூ கருவியின் இணையக் கடையில் கிடைத்தன. அக்கடை 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்தியது. ஓர் ஆட்டத்தை ஆடிப் பார்க்க முடியாத நிலை வரும்போது, அதைப் பற்றி எளிதில் கிடைப்பது அன்று இடப்பட்ட எண் மட்டுமே. புதிதாக வரும் மாணவர் அந்த எண்ணைக் கண்டு, இது இரண்டாந்தர ஆட்டம் என்று முடிவுகட்டிக் கடந்து செல்லக்கூடும். ஆகையால் அந்த எண் எதை அளந்தது என்று தெரிந்துகொள்வது தேவையாகிறது.

அது 2006இல் ஒரு கருவி எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்பதை அளந்தது. சில நாள்களில் முற்பகுதியைக் கடந்த ஒருவருக்கு ஏற்பட்ட சலிப்பை அளந்தது. அவ்விரண்டிலும் அது பொய்யான அளவன்று. நிலவறைகள் சலிப்பானவை என்பதை ஆட்டத்தின் நேசர்களே மறுப்பதில்லை. அதே வேளை, ரோக்கின் கடுமையான சாவு விதியை எடுத்து, விழுந்தவரைத் தேடி மற்றொருவர் வரக்கூடிய விதியாக மாற்றியது போக்கிமான் மிஸ்டரி டஞ்சன். மீட்டவர்களே கைவிடும் கதையை அதே விதியின் மேல் கட்டியது. ரோக் வகை ஆட்டம் என்ற சொல்லையே கேட்டிராத சிறுவர்கள் பலர் அந்த மரபுக்குள் நுழைந்தது இதன் வழியாகத்தான். சராசரி எண்ணில் இவற்றுக்கு இடமில்லை. இவை ஆட்டத்தின் பிற்பகுதியில் இருக்கின்றன. அங்கே வரை நடந்தவர்களின் நினைவில் இருக்கின்றன.